அலகு தேய்ந்த கத்தி

கத்தித் தட்டுக்கு நொலீன் இருபது டாலர் என்று கேட்டதும் கூட்டம் அமைதியானது. புல்வெளியில் வரிசையாகக் கிடந்த கம்பிச் சுருள்களுக்கும் சேணங்களுக்கும் நடுவே நின்ற பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பண்ணை ஏலத்தில் வீட்டு ஆள் விலை கேட்டுவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

"இருபத்தஞ்சு," என்றார் பின்னால் ஒருவர்.

டூவூம்பா நகரத்திலிருந்து வந்திருந்த பழம்பொருள் வியாபாரி ரெக்ஸ். இந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது. அவள் முப்பது என்றாள். அவர் நாற்பது என்றார். அதற்குள் அப்பாவுக்குத் துணையாக இருந்த மேவிஸ் வராந்தாவிலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டிக் கூப்பிட்டாள். நொலீன் ஓடினாள். படி ஏறும்போது ஏலக்காரரின் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது; தட்டு ரெக்ஸுக்குப் போய்விட்டது.

அந்தத் தட்டில் இருந்தவை ஐந்து மடக்குக் கத்திகள். பண்ணை விற்றாகிவிட்டது. புது உரிமையாளர் வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அப்பா வில்ஃப் படுத்த படுக்கையாகிவிட்ட பிறகும் ஏலத்தைத் தள்ளிவைக்க வழியில்லை. கொட்டகையைக் காலி செய்தபோது நொலீன்தான் கண்ணில் பட்ட கத்திகளையெல்லாம் இரும்பு நாரால் பளபளவென்று தேய்த்து ஒரே தட்டில் போட்டாள். அப்பா அப்போதே கேட்டிருந்தால் எடுத்து வைக்காமல் இருந்திருப்பாளா? நாலு நாளாக வாய் திறக்காத மனிதர் இன்று காலையில் பார்த்து, "என் கத்தி" என்றார். தட்டை எடுக்கப் போனபோது ஏலக்காரர் விடவில்லை.

"எண் ஒட்டியாச்சும்மா, ஏலம் போட்டுத்தான் எடுக்கணும். எம் பொண்டாட்டி தையல் மெஷினையே நான் ஏலத்துலதான் மீட்டேன்."

உள்ளே அப்பாவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. அவருடைய இடது கை போர்வையின் மேல் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

"அதேதான் கேக்குறாரு," என்றாள் மேவிஸ். அடுத்த பண்ணைக்காரி, நாலு நாளாகத் தன் வீட்டுக்கே போகவில்லை.

நொலீன் திரும்ப வெளியே வந்தபோது ரெக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யாரோ விஷயத்தை அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"மன்னிச்சுக்கோம்மா, தெரியாம கேட்டுட்டேன். எது வேணுமோ எடுத்துக்க." ஆனால் வியாபாரியின் வாய் அதோடு நிற்கவில்லை. "இதைத் தேய்ச்ச புண்ணியவான் யாரு? பழைய இரும்புல படியுற கறுப்புதான் அதோட விலை. பாதி விலை போச்சு."

"நான்தான்," என்றாள்.

அவர் இருமிக்கொண்டு மான்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை எடுத்தார். அலகின் அடியில் இருந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஷெஃபீல்டு வேலை என்றார். மடக்கும்போது சொடுக்கு விழுகிறது, அலகு ஆடவில்லை, நானூறு டாலருக்குக் குறையாது என்றார். அவ்வளவு நல்ல கத்தி அப்பாவுடையதாகத்தான் இருக்கும் என்று நொலீன் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் அதை விட்டுவிட்டன.

மறுபடி வெளியே. மூன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மறுபடி உள்ளே. ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொன்றும் போர்வையில் நழுவியது. தினமும் அவர் கால்சட்டைப் பையில் இருந்த கத்தியை இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எதற்குமே வாய் திறக்காத மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கும் இந்தப் பாடு. கர்த்தரே, ஒரு கத்திதானே என்று அவள் உள்ளுக்குள் ஏறக்குறைய சண்டையே போட்டாள்.

"இன்னொண்ணு எங்கே?" என்று வெயிலில் நின்று ரெக்ஸிடம் கேட்டாள்.

"அதையா? அதுக்கு நான் விலையே வைக்கலையேம்மா." ரெக்ஸ் வண்டியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்கு முட்டாக அதைச் செருகியிருந்தார். அவர் உருவிக் காட்டினார். அலகு தேய்ந்து தேய்ந்து கோரைப்புல் மாதிரி ஆகியிருந்தது. உடைந்த பிடியில் ஒரு பக்கம் மாட்டெலும்புத் துண்டு வைத்து ஆணியடித்திருந்தது. விற்றால் ஒரு ரொட்டி கிடைத்தாலே அதிகம்.

திருப்பிப் பார்த்தவர் அலகைக் கண்ணருகே கொண்டுபோனார். "உங்கப்பா இடதுகைக்காரரா?"

"ஆமா."

"சாணைக்கல்லுல ஒரே பக்கமா தேஞ்சிருக்கு, பாரு. வலதுகைக்காரன் தீட்டினா எதிர்ப் பக்கம் தேயும். ஓடு."

இந்த முறை விரல்கள் மூடிக்கொண்டன. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் எலும்புத் துண்டின் மேல் ஒருமுறை போய் வந்தது. பிறகு கை மெல்ல இடுப்புப் பக்கம் நகர்ந்தது. அங்கே துணியில் உரசி நின்றது. மறுபடி உரசியது. மறுபடியும்.

"என்ன பண்றாரு? வலிக்குதா?" என்று மேவிஸ் எழுந்தாள்.

அவருடைய இரவு உடையில் பை இல்லை. நொலீன் போய், கதவின் பின்னால் ஆணியில் தொங்கிய வேலைக் கால்சட்டையை எடுத்தாள். தூசியும் ஆட்டு வாடையும் அடித்தது. நாளைக்குத் துவைக்கலாம் என்று வைத்திருந்தது. அதை அவர் இடுப்பின் மேல் விரித்து, இடது பையின் வாயை இரண்டு விரல்களால் பிரித்துப் பிடித்தாள்.

கை உள்ளே போனது. அடி வரைக்கும் போனது.

வெளியே ஏலக்காரர் இரும்புக் கேட்டுகளை ஏலம் விட ஆரம்பித்திருந்தார். நொலீன் பையின் வாயை விடாமல் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். விட்டு விட்டு வந்த மூச்சு நின்ற பிறகு மேவிஸ் வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.