யூதாஸ் கடை டீ

எங்கள் தெருவைப் பிழைக்க வைத்தது பாஸ்கா நாடகம்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன். தோல் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். பிறகு கொரோனா வந்தது. திண்டுக்கல்லில் எங்கள் கோயில் தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. நாடகக் கமிட்டித் தலைவர் கிளெமென்ட்தான் யோசனை சொன்னார். வருசத்துக்கு ஒரு ராத்திரி போடுகிற இயேசுவின் பாடுகளை, ஈஸ்டர் முடிந்து வாரம் முழுக்கப் போடுவோம் என்றார். போட்டார்கள். நத்தத்திலிருந்தும் கொடைரோட்டிலிருந்தும் வேன் வேனாக ஜனம் வந்தது. பேகம்பூர் பாய்மார்கள்கூடக் குடும்பத்தோடு வந்தார்கள். வளையல் கடை, பிரியாணிக் கடை, ஐஸ் வண்டி என்று எங்கே பார்த்தாலும் கூட்டம்.

அவ்வளவு பேரும் வந்தது என் வீட்டுக்காரர் ஞானதாஸைப் பார்க்கத்தான். அவர்தான் யூதாஸ். ஆண்டவரைக் காட்டிக்கொடுக்க முப்பது வெள்ளிக்காசு வாங்கும் இடத்தில், பொம்பளைகள் எழுந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் எங்கள் டீக்கடைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. வெயில் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வடை அப்படியே காய்ந்து கிடந்தது. இந்த வாரமும் ஓடவில்லை என்றால் எங்கள் கடைக்கும் பூட்டுதான். எதிரே வளையல் கடை வைத்திருக்கும் ஜெயமேரி, தூக்குவாளியோடு என் கடையைத் தாண்டித் தெருமுக்கு டீக்கடைக்குப் போனாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்டி, தினம் என் கடையில டீ குடிக்கிறவ, இப்ப அம்புட்டு தூரம் போறே?"

"கோவிச்சுக்காதக்கா. அண்ணன் தங்கமான மனுசன்தான். ஆனா ஆண்டவர வித்த காச வாங்குன கை. அந்தக் கையால வாங்க மனசு ஒப்பல. தெருவுல எல்லாருக்குமே அப்பிடித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! அது தகரக் காசுடி. பவுடர் டப்பா மூடிய வெட்டி நான்தான் செஞ்சு குடுத்தேன்!"

"தெரியும்க்கா" என்றாள்.

தெரியுமாம்! தெரிந்தும் இப்படியா? நேரே கிளெமென்டுக்குப் போன் போட்டு, இன்றைக்கு யூதாஸ் வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். செத்த நேரத்தில் தெருவே கடை முன்னால் வந்து நின்றது.

"செல்வி, அவர் இல்லேன்னா கூட்டம் கலைஞ்சிரும். தெரு மறுபடியும் படுத்துரும்மா" என்றார் கிளெமென்ட்.

"இம்புட்டு அக்கறையா? அப்ப ஆளுக்கொரு டீ குடிங்க. அவர் கையால. குடிச்சாத்தான் அனுப்புவேன்."

என் வீட்டுக்காரர் டீ ஆற்றி நீட்டினார். கிளெமென்ட் போனை எடுத்துப் பார்த்தார். பிரியாணிக் கடைக்காரர் தனக்குச் சுகர் என்றார். ஜெயமேரி முந்தானையைச் சரிசெய்தாள். ஒரு கைகூட நீளவில்லை. 

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அவர வச்சுக் கல்லா கட்டுறீங்க, அவர் கை மட்டும் ஆகாதோ? நீங்கள்லாம் பூசை பாத்து என்ன பிரயோசனம்?" வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"விடு செல்வி. கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்கும். நீ குடி" என்று என் வீட்டுக்காரர் அந்த கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

வாங்கப் போனேன். ஆண்டவரே, என் கை நின்றுவிட்டது! கண் இமைக்கும் நேரம்தான். இத்தனை வருசம் அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டவள் நான். எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. வெடுக்கென்று பிடுங்கி, சூடுகூடப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்துபோனது. ஆனால் என் கை நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

அடுப்பை அணைத்தார். நாடக உடுப்புப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்கண்ணே, மேக்கப்புக்கு நேரமாச்சு" என்று கிளெமென்டிடம் சொன்னார். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற மனுசன், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.