முப்பதாயிரத்து முப்பத்தொன்று

அல்ஜீப்ரா சார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது காலையில், ஆசிரியர்கள் அறையில். தொலைவில் உள்ள பள்ளிக்கு மாற்றலில் போகச் சம்மதமா என்று தலைமையாசிரியை கேட்டார். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம்.

"தனி ஆளுக்கு எங்க இருந்தா என்ன மேடம்?" என்றார். அதோடு விட்டாரா? கணக்கு வாத்தியாராயிற்றே. பலகையில் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினார். 30031.

"இத யாரு வந்து வகுத்தாலும் ஒன்னு மிஞ்சும். சுத்தமான பகா எண். நானும் அப்படித்தான். யாராவது இத ரெண்டு எண்ணோட பெருக்கலா பிரிச்சுக் காட்டட்டும், காட்டினவங்களையே கட்டிக்கிறேன்!"

அறையே சிரித்தது. தப்பித்தவறித் தானே பிரித்துவிடப்போகிறோமே என்று ஓவிய மாஸ்டர் அவசர அவசரமாகப் பேனாவை மூடி வைத்தார்.

வடிவியல் டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும், அநியாயத்துக்குப் பிடிக்கும். அவர் போய்விடுவார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. பதின்மூன்றோடு உலகம் முடிந்துவிட்டதா? அதன் வர்க்கமூலம் வரை, அதாவது நூற்று எழுபத்துமூன்று வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்காமல் எந்தத் தைரியத்தில் சொல்கிறார்?

வகுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்கு வட்டம் வரையச் சொல்லிவிட்டு, பதினேழால் வகுத்தாள். போகவில்லை. பத்தொன்பது மசியவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது, முப்பத்தேழும் கைவிரித்தது. நாற்பத்தேழில் இரண்டே இரண்டு குறைந்தது. "பாவி, ரெண்டு தானேடா!" என்று எண்ணையே திட்டினாள். தாள் தீர்ந்து உள்ளங்கையில் எழுதினாள். ஐம்பத்துமூன்றும் கழுத்தறுத்தது.

ஐம்பத்தொன்பது.

வகுத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பெருக்கியும் பார்த்தாள். மீதி இல்லை! பிறகு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பு ஒன்று வகுப்பிலேயே கிடக்க, வராந்தாவில் ஓடினாள். அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்குள் நுழைந்து, அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி எழுதினாள்: 59 × 509.

சார் பெருக்கிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி பெருக்கினார். காது சிவந்துபோனது.

"நான் பதிமூணோட நிறுத்திட்டேன் டீச்சர்."

"உங்க வியாதியே அதுதான் சார்."

"ஐநூத்தி ஒம்பது இன்னும் உடையுமா?"

"உடையாது. அம்பத்தொம்பதும் உடையாது. ரெண்டுமே தனி ஆளுங்கதான்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா ரெண்டும் சேராம உங்க எண்ணே கிடையாது சார்."

சொன்ன பிறகுதான், ஒரு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன் கல்யாணத்தைத் தானே பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு எங்கே ஓடுவது?

சார் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "மேடம் சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டாங்க. மாத்தல் வேண்டாம்னு தனியா போய்ச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

வகுப்பு கூரை இடிய ஊளையிட்டது. "அமைதி!" என்று அதட்ட இரண்டு பேருமே வாயைத் திறந்தார்கள், இரண்டு பேருக்குமே சிரிப்புதான் வந்தது.