டன்னாக்கின் இடது இருக்கை

ஸ்கெல்ஹார்ன் டன்னாக் காரில் இடது பக்கம் உட்கார்ந்து போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்து மைல் போவதற்குள் உடம்பு தானாக ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்துவிடும். நிமிர்ந்து உட்காரப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மொத்தமே எழுபது சொச்சம் கார்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு இருக்கையைப் பற்றி டன்னாக் கிளப்காரர்கள் பேசித் தீர்த்த நேரத்தில் இன்னொரு எழுபது செய்திருக்கலாம். வளைவில் எடை சமமாக விழுவதற்காக முதலாளி ஸ்கெல்ஹார்ன் செய்த தந்திரம் அது என்பார் ஒருவர். ஓட்டுகிறவருக்கு இடது கண்ணாடி மறைக்காமல் இருப்பதற்காக என்பார் இன்னொருவர். ஸ்கெல்ஹார்ன் செத்துப் பல வருடமாகிவிட்டதால் இல்லை என்று சொல்ல ஆளில்லை.

நிஜக் காரணம் எனிட் மார்ஃப்ளீட்டுக்குத் தெரியும். அந்த இருக்கையே அவள் முதுகுதான்.

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் லௌத் ஊருக்கு வெளியே ஒரு பழைய பால்பண்ணைக் கொட்டகையில் அந்தக் காரைச் செய்த காலத்தில் அவள் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு. இருக்கையைக் காகிதத்தில் வரைந்து, அளந்து, பெரிய கம்பெனிகளைப் போலச் செய்கிற பவிசெல்லாம் அங்கே கிடையாது. ஈரப் பிளாஸ்டர் நிரப்பிய பைகளின் மேல் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள், இறுகியதும் எழுப்பிவிடுவார்கள், விழுந்த பள்ளம்தான் அச்சு. ஓட்டுகிறவர் இருக்கைக்கு முதலாளியே உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்குப் பெண் முதுகு வேண்டும் என்றார். கொட்டகையில் இருந்த பெண் அவள் ஒருத்திதான்.

பிளாஸ்டர் குழைத்தவன் வில்ஃப் ஓட்லிங். அது இறுகுகிற வரைக்கும் அவளுடைய வலது பக்கத்தில் பலகையைப் பிடித்தபடி நின்று, வாய் ஓயாமல் எதையோ பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். நடுநடுவே, "ஆடாத, வாத்து" என்றான். லிங்கன்ஷயர்க்காரர்களுக்குக் கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் செல்லமாக வாத்துதான். வில்ஃப் தபால்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டான், முதலாளியின் நாயையும் அப்படித்தான் கூப்பிட்டான். அதில் அர்த்தம் தேடக் கூடாது என்று எனிடுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தேடினாள். ஆடவில்லை. சாய்ந்தாள்.

நடந்தது அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் வில்ஃப் டோரீனைக் கல்யாணம் செய்துகொண்டான். கம்பெனி நொடித்துப் போனது. எனிட் ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, ஊர் ஓரத்துச் சின்ன வீட்டில் தனியாகக் கிடந்தாள். கல்யாணம் என்ற பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளே அதைச் சாகடித்தாள். வெள்ளிக்கிழமை மீன் கடையில் அவள் வாய் திறப்பதற்கு முன்பே சின்னப் பொட்டலம் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அன்பில்தான் கட்டினார்கள். ஆனாலும் ஒரு நாளாவது ரெண்டா என்று கேட்கக் கூடாதா என்று அவளுக்கு இருக்கும்.

அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தச் சாய்வு. எங்கேயோ யாரோ, பேர் ஊர் தெரியாதவர்கள், அவள் அன்றைக்குச் சாய்ந்த அதே சாய்வில் பக்கத்து ஆள் மேல் சாய்ந்துகொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பு அவளுக்குப் போதுமானதாக இருந்தது, அல்லது போதும் என்று பழகிக்கொண்டாள்.

அப்போதுதான் கேரத் ஓக்கண்டன் என்கிற நாற்பது வயதுக்காரன் டன்னாக் என்ற பெயரை வாங்கினான். மறுபடியும் அந்தக் காரைச் செய்யப்போகிறானாம், வருடத்துக்கு இருபது. பழைய வண்டி ஒன்றைக் கம்ப்யூட்டரில் அங்குலம் அங்குலமாக அளந்தபோது இருக்கையின் கோணல் அகப்பட்டது. யோசித்துச் செய்ததென்றால் தொட மாட்டேன், தப்பென்றால் நேராக்கிவிடுவேன் என்று சொல்லி, கிளப்காரர்களைக் கிராம மண்டபத்தில் கூட்டினான். பழைய கொட்டகை ஆட்களில் மிச்சம் இருந்த இரண்டு பேரையும் அழைத்தான்.

எனிட் ஒரு பொய்யோடு போனாள். முதலாளியின் யோசனைதான் அது என்று சொல்லிவிட்டால் சாய்வு பிழைத்துவிடும். யாரும் மறுக்கப்போவதில்லை. பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மண்டபத்தில் இரண்டாம் வரிசையில், அவள் எதிர்பார்க்காத வில்ஃப் உட்கார்ந்திருந்தான். காதில் மெஷின். டோரீனுக்கு முட்டி சரியில்லை, காரிலேயே இருக்கிறாள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்தடுத்த ஊர்தான், ஆனாலும் அவனைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. எனிட் எழுந்து நின்றாள். பிளாஸ்டர் குழைத்தவன் எதிரே இருக்கிறான். அவள் பொய் சொன்னால் அது பொய் என்று அவனுக்குத் தெரியும். ஏன் சொல்கிறாள் என்றும் யோசிப்பான். அதை நினைத்ததும் கொண்டுவந்த பொய்யை விட்டுவிட்டாள்.

"யோசனையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நான்தான் கோணலா உக்காந்துட்டேன்," என்றாள்.

கிளப் தலைவர் டெரன்ஸுக்கு முகம் செத்துவிட்டது. ஏன் அப்படி உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார், கடைசி நம்பிக்கையை விடாமல்.

"குளிரு. மண்ணெண்ணெய் ஹீட்டர் வலது பக்கம் இருந்துச்சு. சூட்டுக்குச் சாஞ்சிட்டேன்."

மண்டபம் சிரித்தது. அரை நூற்றாண்டு ஆராய்ச்சி ஒரு ஹீட்டரில் போய் முடிந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். அப்படியானால் நேராக்கிவிடலாம் என்றான் ஓக்கண்டன். கை தட்டினார்கள். எனிடும் தட்டினாள்.

தேநீர் கொடுக்கும்போது வில்ஃப் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"ஹீட்டரை உனக்கு இடது பக்கம்ல வச்சிருந்தேன், வாத்து."

அவள் தேநீரைப் பார்த்தாள். "உனக்கு மறந்திருக்கும், வில்ஃப்."

"மறக்கல. மொதலாளி அச்சைப் பாத்துட்டு, கோணலா இருக்கு, இன்னொண்ணு எடுடான்னாரு. பிளாஸ்டர் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

"தீந்துதானே போச்சு?"

"ரெண்டு மூட்டை கெடந்துச்சு."

வெளியே ஹாரன் அடித்தது. டோரீன் முட்டி தாங்காது, வரட்டுமா என்றான். மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னவன் மாதிரி கோப்பையை வைத்துவிட்டுப் போனான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காது மடல்கள் சூடாகின, இருபத்திரண்டு வயதுக்காரிக்கு ஆவதைப் போல. பிறகுதான் கோபம் வந்தது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அந்தச் சாய்வைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, டோரீனிடம் போயிருக்கிறான். யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளுக்கு இத்தனை காலமும் இருந்த ஆறுதல். தெரியாதவனை எப்படிக் குறை சொல்வது என்று அவனை மன்னித்து மன்னித்தே வயதாகிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். எழுந்து போய் வேறு எங்காவது உட்கார்ந்திருப்பாள்.

வாசலில் ஓக்கண்டன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"மிஸ் மார்ஃப்ளீட், கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன். திங்கக்கிழமை புது அச்சு வெட்டிருவோம். டெரன்ஸ் அழாத குறை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சாய்வை அப்படியே விட்டுடறேன். உங்க முதுகு, நீங்களே சொல்லுங்க."

எதிரே நின்ற காரில் வில்ஃப் குனிந்து டோரீனுக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எனிட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நேராக்கிடுங்க," என்றாள். "அப்படியே சாஞ்சு உக்காந்து உக்காந்து ரொம்ப வலிக்குது."

காரில் போகிறவர்களைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓக்கண்டன் தலையாட்டினான்.