நடுப்பட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று ஸ்பிரிங் பட்டைகளையும் அப்பாசாமிக் கவுண்டரே கொல்லர் கருப்பண்ணனின் உலைக்கு எடுத்துப்போனார். மலைக்குக் கீழே விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவர் மகன் பூபதி மெக்கானிக். சின்ன விமானம் ஒன்றின் வால் சக்கரத்தைத் தாங்கும் பட்டைகள் தேய்ந்துபோனதால் புதிது மாட்டிவிட்டு, பழையவற்றை அரிவாள் அடிக்கக் கொண்டுவந்திருந்தான். அழுக்கோடு நீட்டினால் அப்பா தொடமாட்டார் என்று புதிது மாட்டுமுன்பே துருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தான்.

கருப்பண்ணன் நடுப்பட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"கவுண்டரே, மத்த ரெண்டும் படுத்துப்போச்சு. இது வளைவே குலையலீங்க. புதுசைப் போயி அரிவாளாக்கறதா? உங்க ஊட்டுல இரும்பு அவ்வளவு மலிவா?"

அப்பாசாமி சிரிக்கவில்லை. மூன்றையும் துண்டில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினார்.

கருப்பண்ணன் சொன்னதைக் கேட்டு நடுப்பட்டையைப் பார்த்ததும் பூபதியின் முகம் வெளிறியது. "பெயிண்ட் அடிச்சதுல புதுசும் பழசும் ஒண்ணாத் தெரிஞ்சு மாறிப்போச்சுங்கப்பா. பழசை அங்க மாட்டிட்டேன்."

"மூணும் புதுசுன்னு கையெழுத்துப் போட்டியா?"

"போட்டனுங்க. நாளைக்குப் போனதும் சத்தமில்லாம மாத்திப்புடறேன்."

"இன்னிக்கு அதுல யாரு பறக்கறாங்க?"

"மோனிஷான்னு ஒரு புள்ள. படிக்க வந்ததுங்க."

"போனைப் போடு."

பூபதி பள்ளிக்கு அழைத்தான். அவன் வாய் திறக்குமுன் மேலாளர் பாலசுப்பிரமணியத்தின் குரல் ஸ்பீக்கரில் கொட்டியது. "பூபதி, விஷயம் தெரிஞ்சுதா? அந்தப் பொண்ணு இறக்கத் தெரியாம இறக்கி, வால் ஸ்பிரிங் ஒடிஞ்சு, விமானம் பக்கத்துப் பள்ளத்துல சாஞ்சிடுச்சு. கை முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கு. நீ பயப்படாதே. புதுப் பட்டைன்னு உன் கையெழுத்து இருக்கு. தப்பு அவ மேலன்னுதான் எழுதறோம்."

பூபதி அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பேச வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மலை ஊர்களின் வழக்கு தீர்க்கும் நாட்டுக் கூட்டத்தில் முப்பது வருஷமாக அடுத்த வீட்டுப் பொய்யை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவர் அப்பாசாமி. போனை வாங்கினார்.

"நான் பூபதியோட அப்பன் பேசறேனுங்க. அந்தப் புள்ள மேல எழுதாதீங்க. நடுப்பட்டை பழசு. புதுசு எங்க ஊட்டுல இருக்குது. கொண்டு வாரோம்."

போனை மகன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். அப்பாசாமி முதுகு சாயாமல் உட்கார்ந்து பட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. பூபதி அதில் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போனான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பட்டை வழுக்கியது. அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மலை இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.