பொழுது தவறிய சிட்டம்மாள்

காவாந்தண்டலத்தில் ராஜாராம் கோழிப்பண்ணை போட்ட புதிதில், குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளச் சிட்டம்மாளை வைத்தார். புருஷனை இழந்தவள்; களையெடுப்புக் கூலியைவிட இது நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டாள். ஜன்னல்களுக்குக் கோணி அடித்த கொட்டகை. உள்ளே இரவும் பகலும் பல்புகள் எரிந்தன. வெளிச்சம் இருந்தால்தான் குஞ்சு ஓயாமல் தின்னுமாம். அவளும் அங்கேயே ஒரு மூலையில் பாய் விரித்துக்கொண்டாள். அக்கா ஆண்டாளம்மாள் தினமும் வாசலில் சோறு கொண்டுவந்து வைப்பாள்.

சிட்டம்மாளுக்கு முதலில் பசி போயிற்று. சோறு வைத்தபடியே புளித்துக் கிடந்தது. அப்புறம் தூக்கம்.

"கண்ண மூடினா உள்ளாறயும் பல்பு எரியுதுக்கா" என்றாள். ஆண்டாளம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். சிட்டம்மாள் வரப்பில் காலால் தடவித் தடவி வந்தாள்.

"இந்த இருட்டுல இன்னா நட்டுக்கினு கீறீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆண்டாளம்மாள் சேற்றுக் காலோடு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் கை சில்லிட்டிருந்தது.

"பகல்டி இது. மேல பாரு."

சிட்டம்மாள் நிமிர்ந்து, இமைக்காமல் சூரியனையே பார்த்தாள்.

"ஏன்க்கா நெலா இவ்ளோ பெருசா கீது?"

பதறிப்போய் அவள் கண்களைப் பொத்தித் தன் வீட்டுக்கு இழுத்துப்போனாள் அக்கா. கரண்ட் இல்லாத குடிசை. இருட்டியதும் விளக்கை ஊதி அணைத்தாள். விடிந்ததும் தங்கையை வெளியே உட்கார வைத்தாள். அறுவடை வரும்போதுதான் சிட்டம்மாளுக்கு இரவில் தூக்கம் வந்தது.

தெளிந்த பிறகு ஒரு மத்தியானம் அவளாகவே கொட்டகைக்குப் போனாள். அவள் இடத்தில் வேலைக்கு இருந்த எல்லப்பன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். உள்ளே புதுக் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. சிட்டம்மாள் சுவிட்சை அணைத்தாள்.

கத்தல் சட்டென்று நின்றது. அத்தனை குஞ்சுகளும் நின்ற இடத்திலேயே மடங்கிச் சரிந்தன. சத்தம் நின்றது கேட்டு ராஜாராம் ஓடிவந்தார்.

"இன்னாடி பண்ண? எல்லாம் செத்துப்போச்சா?"

"மூச்சு வருது மொதலாளி. தூங்குதுங்க."

அவர் கை சுவிட்சுக்குப் போயிற்று. அரை இருட்டில் எதுவும் அசையவில்லை. அவருக்கே தெரியாமல் ஒரு கொட்டாவி வந்தது. பயந்துபோனவர்போல், சுவிட்சைப் போடாமலே கையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.