இடது கைக்குத் தள்ளுபடி

என் அத்தானின் ஆள்காட்டி விரல் நாற்பதாயிரம். வலது கையென்றால் அறுபது தந்திருப்பார்களாம். இடது கை என்பதால் தள்ளுபடி. மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை நடத்துகிறோம், நசுங்கிய வாளிக்குக்கூட நாங்கள் இவ்வளவு குறைத்ததில்லை.

ஏழு வருடத்துக்கு முன், தடுப்புக் கம்பி கழன்றுபோன பிரஸ் மிஷின் அந்த விரலை எடுத்துக்கொண்டது. "அடுத்த மாசம் செக்" என்றார் மேனேஜர். அடுத்த மாதம் தொழிற்சாலையே கப்பலில் இருந்தது. போன நாட்டில் கூலி பாதியாம். அத்தான் காய்கறி மண்டியில் மூட்டை எண்ணப் போனார்.

இப்போது அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்து, அதே மிஷின்களை இறக்கி, வேறு பெயரில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் கூடப் போடா. இவரைத் தனியா விட்டா இன்னொரு விரலையும் இலவசமா குடுத்துட்டு வருவார்."

மேனேஜர் அதே ஆள். தொப்பை மட்டும் புதுசு.

"அடடே, வாங்க வாங்க! பழைய ஆளுங்கதான் வேணும். அங்க கூலி ஏறிப்போச்சு, கப்பல் வாடகை எங்களையே முழுங்கிடுச்சு, பத்துக்கு மூணு சரக்கு திரும்பி வந்துச்சு. இங்க அரசாங்கமே கூப்பிடுது. திரும்பி வர்ற கம்பெனிக்கு அஞ்சு வருஷம் வரி கிடையாது!"

அத்தான் இடது கையை மேஜைமேல் வைத்தார். "சந்தோஷம் சார். என்னோட நாப்பதாயிரம்?"

சிரிப்பு நின்றது. "அது பழைய கம்பெனி கணக்கு. அதை மூடியாச்சு. இது புது கம்பெனி. பழைய பாக்கி எதுவும் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க, நாளைக்கே வேலை."

அத்தான் பேனாவை எடுத்தேவிட்டார். வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு பேர்.

"பேனாவைக் கீழ வைங்க அத்தான். சார், ஒரு சந்தேகம். வரிச்சலுகை திரும்பி வந்தவங்களுக்கா, புதுசா பொறந்தவங்களுக்கா?"

"நீங்க யாரு?"

"போன விரலுக்கு மச்சினன். வரி ஆபீஸ்ல பழைய ஆளு, இவர்கிட்ட மட்டும் புது ஆளா? மிஷின் வந்துச்சு, நீங்க வந்தீங்க, கடன் மட்டும் கடல்ல விழுந்துடுச்சா? வரி ஆபீஸ் அடுத்த தெருவுலதான் இருக்கு. நாங்களே போய்க் கேட்டுக்கறோம்."

மேனேஜர் உள்ளே போனார். வரும்போது கையில் ஓர் உறை.

"எடுத்துட்டுப் போங்க. வேலைக்கு ஆள் நிறைஞ்சாச்சு."

ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது! விரலுக்குக் காசு கேட்டவனுக்கு அங்கே இடமில்லை. வெளியே வரும் வழியில் அந்த பிரஸ் மிஷினைப் பார்த்தேன். தடுப்புக் கம்பி இன்னும் மாட்டவில்லை. யாரோ ஒரு பெண் அதில் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அத்தான் நோட்டை எண்ணப் பார்த்தார். இடது கையில் கட்டு நிற்காமல் நழுவியது. நான் வாங்கி எண்ணினேன்.

"சரியா இருக்கா மாப்பிள?"

"நாப்பது சரியா இருக்கு. ஏழு வருஷ வட்டி பாக்கி. வேலை பாக்கி."

"விரலை வாராக்கடன்ல எழுதிடு."

நான் எழுதவில்லை. எங்கள் கடைக் கணக்கில் அது அவர்கள் பேரில் பற்றாகவே நிற்கிறது.