எதிர் நாற்காலிக்கு நேராக மூன்று சீட்டுகள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் கண்ணாடியின் திருகாணி கழன்று விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மதிய இடைவேளையில் கண்ணாடிக்கடைக்குப் போனேன். லென்ஸ் பொருத்தும் பெண்மணி மட்டும் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மேசைமேல் பலன் பார்க்கும் டாரட் படச்சீட்டுகள் மூன்று வரிசையாக இருந்தன. இரண்டு திறந்தபடி, ஒன்று குப்புற. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். படங்கள் எனக்கு நேராக இருந்தன.

"எனக்கா பார்க்கறீங்க?"

"ஐயோ, இல்லைங்க. எனக்கேதான்."

"அப்புறம் ஏன் என் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?"

சீட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு இப்படித்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்குக் கை நீட்டினார்.

நடந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு. (அந்த நேரத்தில் என் மூக்கின்மேல் கண்ணாடி இல்லை. நான் பார்த்ததற்கு நானே நல்ல சாட்சி இல்லை.)

2.

முதல் தொடக்கம்: 'விதி என்பது' – அடித்துவிட்டேன். கதை விதியில் தொடங்கினால் கடைசியில் யாராவது சாக வேண்டியிருக்கும்.

இரண்டாவது: 'தனியாக வாழும் ஒரு பெண்' – இதுவும் வேண்டாம். உடனே பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். இவர் பாவமெல்லாம் இல்லை. மூக்கைப் பார்த்தே கண்ணாடி ஃப்ரேமை எவ்வளவு வளைக்கவேண்டும் என்று சொல்லிவிடுவார். கடை முதலாளியே இவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

மூன்றாவது: 'ஒருவர் தனக்குப் பார்க்கும் சீட்டுகளை ஏன் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்?' இது இருக்கட்டும். கேள்வி நிஜம். பதிலுக்கு நான்தான் மெனக்கெட வேண்டும்.

3.

மெனக்கெட்டதில் கிடைத்தது: இவர் டாரட் கற்றதே எதிர்ப்பக்கம் உட்கார்ந்துதான். சீட்டு விரித்தவள் கணவரின் மூத்த தாரத்து மகள். இவர் அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது. 'சித்தி' என்று கூப்பிடுவாள். அதற்குமேல் வாயிலிருந்து முத்து உதிராது. "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "என்னம்மா கோவம்?" என்றால் "ஒண்ணுமில்ல."

ஒருநாள் இந்தச் சீட்டுக்கட்டை வாங்கிவந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் சமையலறை மேசையில் விரிப்பாள். அவளுக்கு நேராக, சித்திக்குத் தலைகீழாக. அன்றுமுதல் அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் சீட்டு சொன்னது.

"சித்தி, நாளைக்கு ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பா வரமாட்டாராம். வேற ஒருத்தங்க வருவாங்கன்னு கார்டு சொல்லுது."

"யாராம் அது?"

"கண்ணாடிக்கடையில வேலை பார்க்கறவங்களாம்."

"எனக்கு லீவு கிடைக்காதுன்னு கார்டுக்குத் தெரியாதா?"

"அரை நாள் போதுமாம்."

(இதை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். எழுதுகிறவர் செய்யக்கூடாத காரியம்.)

4.

[இங்கே கணவரின் மரணம் பற்றி ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அது போதும்.]

மகளுக்கு இப்போது வேறு ஊரில் வேலை. கிளம்பும்போது சீட்டுக்கட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது. மறந்து போனாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று சித்திக்கு இன்றுவரை தெரியாது. கட்டு அவர் கைப்பையிலேயே கிடக்கிறது. நடுவிலிருந்த மனிதர் போனபிறகு தாங்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆகவேண்டும் என்றும் தெரியாது. பிறந்தநாள் வாழ்த்து, 'நல்லா இருக்கியா', 'இருக்கேன்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை போனில் செய்தி: 'சித்தி, சனிக்கிழமை வரேன். அப்பாவோட பெட்டியை எடுத்துக்கணும். அங்க தங்கலாமா, இல்ல சாயங்கால வண்டிக்கே கிளம்பிடவா?'

நான்கு மணி நேரமாகப் பதில் போகவில்லை. 'தங்கு' என்றால் கட்டாயப்படுத்துவது போலிருக்கும். 'உன் இஷ்டம்' என்றால் போய்விடு என்பது போலிருக்கும். 'இது உன் வீடுதானே' என்று தட்டிப் பார்த்து அழித்தார். அவள் அப்படி நினைக்கவில்லை என்றால்? பெட்டியும் போய்விட்டால் அவள் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. அந்தப் பயம்தான் இவரைச் சீட்டெடுக்க வைத்தது.

5.

முதல் சீட்டு, நடந்தது: ஆறு கோப்பைகள். பூ வைத்த கோப்பையை ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்கு நீட்டுகிறது. இரண்டாவது, நடப்பது: கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளோடு உட்கார்ந்திருக்கும் பெண். கண்ணாடிக்கடையில் கண்ணைக் கட்டிய பெண்! (நம்பமாட்டீர்கள் என்று தெரியும். மாற்றிப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை.)

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்து, ஏன் என் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார்.

சீட்டு தலைகீழாக விழுந்தால் பலனே வேறு. அப்படியானால் எது நேர்? சீட்டுகளைத் தன் பக்கம் திருப்பக் கை போனது. பாதியில் நின்றது.

"இத்தனை நாளும் அந்தப் பொண்ணை எதிர்ல உட்கார வச்சுத்தான் பார்த்துட்டிருந்தேனா?" என்று தனக்குள் முணுமுணுத்தார்.

பிறகு போனை எடுத்து, ஒரு எழுத்துகூட அழிக்காமல் தட்டினார்: 'சனிக்கிழமை ஒரு பொண்ணு வருவா, உடனே கிளம்பமாட்டான்னு கார்டு சொல்லுது.' அனுப்பினார்.

6.

முடிவுகள். ஒன்று: உடனே பதில் வருகிறது, 'எத்தனை நாளாம்?' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கையில்லை.

இரண்டு: 'சாரி சித்தி, ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கு.' இதை எழுதிய கையோடு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று: மூன்றாவது சீட்டைத் திருப்பி நானே ஒரு படம் –

இல்லை. நடந்தது இவ்வளவுதான் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது பொய். கொஞ்சம் மறைத்துவிட்டேன். திருகாணியை முடுக்கி என் காதில் கண்ணாடியை மாட்டிவிட்டபோது மேசையில் போன் ஒளிர்ந்தது. ஒரே ஒரு வரி. அவருக்கு நேராக இருந்ததால் எனக்குத் தலைகீழ். என்னால் படிக்க முடியவில்லை. அவர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு மூன்றாவது சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே கட்டுக்குள் சொருகினார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, போனும் மேசைமேல்தான். போய் உட்காருங்கள். எந்தப் பக்கம் என்பதை மட்டும் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.